கரையேற்றி வைத்த கப்பல்

நம் கல்லூரி யூபிலிக் கண்காட்சிக்கு ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலின் அளவுமாதிரி ஒன்றைச் செய்து தருவதாக, ஈராண்டுகளுக்கு முன் பழைய மாணவர் சங்கத்தாருக்கு நான் வாக்களித்திருந்தேன். அந்த வாக்கு நிறைவேறவில்லை. கப்பலுக்கென ஒதுக்கப்பட்ட மேசையில் வேறொருவரின் கைவேலை இடம்பெறும். சொன்ன சொல்லைக் காவாதவன் அதற்குக் காரணங் கூறக் கடமைப்பட்டவன். ஆயினும் என் காரணத்தை மாத்திரம் எழுதி விடுவதாயின், அது மன்னிப்புக் கடிதமாகுமேயன்றி மலருக்குரிய கட்டுரையாகாது. ஆதலின், அளவுமாதிரி செய்தல் எத்தகைய கலை, நோயாளர் உள்ள வீட்டில் அதை ஏன் நிறுத்த வேண்டியிருக்கின்றது, நிறுத்துவதாயின் எம்முறையில் நிறுத்தல் வேண்டும் என்பவற்றை விளக்க முற்படுகின்றேன். இதே நிலைக்கு ஆளாகும் பழைய மாணவர் ஒருவருக்கேனும் இது பயன்படுமாயின், வெறுமையான மேசைக்கு அது ஈடாகும்.

அளவுமாதிரியின் இயல்பு

பொம்மை என்பது பார்வைக்குக் கப்பல் போலிருந்தாற் போதும். அளவுமாதிரியோ அவ்வாறன்று. மூலப்பொருளின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்திற் குறுகி அமைதல் வேண்டும். நான் எடுத்துக்கொண்ட விகிதம் 1:48. அஃதாவது மூலத்தில் ஓர் அடியாக உள்ளது மாதிரியிற் கால் அங்குலமாகும். ஆறடி மாலுமி ஒன்றரை அங்குல உயரத்தினன். ஓரங்குலக் கயிறு அரை மில்லிமீற்றர் நூல். நீளம் 48 இல் ஒரு பங்காகும்போது, பரப்பு 2,304 இல் ஒரு பங்காகவும், கனவளவு 110,592 இல் ஒரு பங்காகவும் குறுகி விடுகின்றன. ஆனாற் பிழைகள் மாத்திரம் எதிர்த்திசையில் வளர்கின்றன. என் கையிற் பிறக்கும் அரை மில்லிமீற்றர் பிழை மூலக்கப்பலில் ஏறக்குறைய ஓரங்குலப் பிழைக்குச் சமம். இக்கலைக்குக் கண்ணும் கையும் மாத்திரமன்றிக் கலையாத மனமும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

கப்பல்களைச் சிறிதாகச் செய்து பார்க்கும் ஆவல் மிகப் பழையது. எகிப்திலே ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெக்கெத்ரே என்னும் உயரதிகாரியின் கல்லறையில், மரத்தாற் செய்த சிறு படகுகள் பல 1920 இற் கண்டெடுக்கப்பட்டன. இங்கிலாந்தில் 17 ஆம் நூற்றாண்டிற் கடற்படைக்காகச் செய்யப்பட்ட கப்பல் மாதிரிகளுட் பல, நான் மேற்கொண்ட அதே 1:48 விகிதத்தில் அமைந்தவை. 1950 களில் எயார்பிக்ஸ் கம்பனி ‘கோல்டன் ஹைண்ட்’ என்னும் கப்பலைப் பிளாத்திக்குத் துண்டுகளாக வார்த்துச் சிறு விலைக்கு விற்றது. அத்தகைய பொதிகள் பரவவே, செல்வர் வீட்டுக் கலையாயிருந்தது பள்ளிச் சிறுவர் கைக்கும் எட்டியது. நம் நாட்டுத் தேர்ச்சிற்பியரும் கூறு வகுத்து அளவொன்றின்படியே உறுப்புகளை அமைப்பவர்கள். எனவே விகிதம் என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று.

‘அன்னபூரணி’யை நான் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் கூற வேண்டியதில்லை. வல்வெட்டித்துறைக் கரையிலே உள்ளூர் மேத்திரிமாராற் கட்டப்பெற்ற அக்கப்பலை, வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி விலைக்கு வாங்கி, ‘புளோறன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயரிட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சுயெஸ் கால்வாய் வழியாகச் செலுத்தி, மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938 ஆகஸ்ட் 1 ஆந் திகதி அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர். கப்பலின் நீளம் ஏறத்தாழ 89 அடி, அகலம் 19 அடி. என் விகிதப்படி நீளம் இருபத்திரண்டே கால் அங்குலம், அகலம் நாலேமுக்கால் அங்குலம். ஒரு சாய்வு மேசையில் அடங்கிவிடும் அளவே.

ஏராக்கட்டையை இட்டு, விலாச்சட்டங்களை நிறுத்தி, மலைவேம்பிற் சீவிய மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி வந்தேன். இடப்பக்கத்தில் ஒன்பது பலகைகளும் வலப்பக்கத்தில் எட்டும் ஏறியிருந்த வேளையிலே, என் துணைவியாருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பதாக வைத்தியர் கூறினார். சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின் மூன்று கிழமைக்கு ஒருமுறை நாளத்தினூடாக மருந்தேற்றும் சிகிச்சை தொடங்கியது.

நோயுள்ள வீட்டில் இக்கைவேலை

தொடக்கத்தில் நான் வேலையை நிறுத்தவில்லை. இதனை ஒளிப்பதற்கில்லை. பகலெல்லாம் பாடசாலை, மாலையிற் சமையலும் மருந்தும், அவர் உறங்கியபின் விறாந்தையின் மூலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கப்பல் வேலை. எவருக்கும் இடையூறில்லை என்றே எண்ணியிருந்தேன். முதல் மருந்தேற்றி ஒன்பதாம் நாள் இரவு, தண்ணீர் கொடுப்பதற்காக அறைக்குட் சென்றேன். அவர் உறங்கவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். யாது நேர்ந்ததென்று கேட்டேன்.

“இஞ்சருங்கோ, அந்தப் பெயின்ற் மணம் வயித்தைப் பிரட்டுது. உங்களுக்கு இருக்கிற ஒரேயொரு சந்தோசம் அதுதானே எண்டு பேசாமல் இருந்தனான்” என்றார்.

ஒன்பது இரவுகள் அவர் அதைப் பொறுத்துக் கிடந்திருக்கின்றார். நான் அரை மில்லிமீற்றர் பிழையைக் கண்டு திருத்திக்கொண்டிருந்த அதே வேளையில், பத்தடி தூரத்திற் கிடந்த பெரும் பிழை என் கண்ணிற் படவில்லை.

இவ்விடத்தில் விடயத்தை விளக்கிக் கூறுதல் பொருந்தும். இக்கைவேலை நோயாளர் வீட்டுக்கு ஒவ்வாததற்கு நான்கு காரணங்கள் உள.

முதலாவது மணம். எனாமல் வர்ணத்திலும் அதை இளக்கும் தின்னரிலும் உள்ள திரவங்கள் விரைவில் ஆவியாகி வீடெங்கும் பரவும். சுப்பர் குளூவின் ஆவி கண்ணையும் மூக்கையும் உறுத்தும். புற்றுநோய்க்கு மருந்தேற்றப்பெற்றவர் பலருக்குக் குமட்டல் உண்டாவதுடன், மணமும் சுவையும் மாறுபட்டுத் தோன்றும். நலமுடையவர் கவனியாத மணம் அவர்களுக்குத் தாங்கொணாததாகும்.

இரண்டாவது தூசி. பலகையை மண்கடதாசியால் உரைக்கும்போது எழும் நுண்தூள் நெடுநேரம் காற்றில் நிற்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995 இல் மரத்தூளை மனிதரிற் புற்றுநோய் விளைவிப்பனவற்றுட் சேர்த்தது. அது சிறப்பாகப் பல்லாண்டுகள் மரவேலைச் சாலையிற் பணிபுரிவோரின் மூக்கையும் அதனையடுத்த அறைகளையும் பற்றிய முடிபாகும். என் சிறு கப்பலால் அத்தகைய தீங்கு நேருமென்று நான் கூற வரவில்லை. ஆயினும் இருமவும் இயலாது களைத்துக் கிடப்பவர் பக்கத்தில் அத்தூளை எழுப்புதல் தகாது.

மூன்றாவது நேரம். பசை இறுகும்வரை பிடித்த கையை விடலாகாது. ஒரு பூச்சு உலர்வதற்கு முன் மறு பூச்சுப் பூசலாகாது. இவ்வேலை அறுபடாத நேரத்தை வேண்டுகின்றது. நோயாளரைப் பேணுபவருக்குக் கிட்டுவதோ பத்து நிமிடத் துண்டுகள். அழைப்பு வந்தவுடன் எழ வேண்டும். பசை ஈரமாயிருக்கின்றதே என்று ஒரு நொடி தயங்கினாலும், அந்தத் தயக்கத்தை நோயாளர் அறிந்து விடுவார்.

நான்காவது மனம். இதுவே தலையாயது. மருந்தேற்றி ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்து விடுவதுண்டு. அக்காலத்தில் உடல்வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டினால், விடியட்டும் என்று காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். கப்பலில் ஆழ்ந்திருப்பவன் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. கலையாத மனமே இக்கலையின் சிறப்பு என்று மேலே கூறினேன். அச்சிறப்பே நோய்வீட்டிற் குற்றமாகின்றது.

நிறுத்தும் முறை

தமிழாசிரியனாகிய எனக்கு ‘நிறுத்து’ என்னும் சொல்லின்மீது ஒரு தனி மதிப்புண்டு. நில் என்பதன் பிறவினை அது. நடப்பதை ஓயச் செய்தல் என்பது ஒரு பொருள். சாய்ந்ததை நிலைபெறச் செய்தல் என்பது மற்றொரு பொருள். கைவிடுதல் வேறு, நிறுத்துதல் வேறு. கைவிட்ட பொருள் சாய்ந்து போகும். நிறுத்திய பொருள், விட்ட இடத்திலே நின்று காத்திருக்கும். பின்வரும் முறைகள் யாவும் இவ்வேறுபாட்டினின்று பிறப்பவை.

நிறுத்தும் இடத்தைத் தெரிந்து நிறுத்தல் வேண்டும். கப்பலின் ஒரு பக்கத்திற் பலகை மிகுந்து மறுபக்கத்திற் குறைந்திருக்குமாயின், மரம் ஈரத்தை ஏற்றும் விட்டும் நாளடைவில் ஏராக்கட்டையையே முறுக்கி விடக்கூடும். பாய்மரம் நாட்டிய கப்பலாயின், ஒரு பக்கத்துக் கயிறுகளை மாத்திரம் இறுக்கி விட்டு வைத்தால் மரம் அப்பக்கம் கோணும். பருத்திநூல் ஈரக்காற்றிலும் வரட்சியிலும் இழுவை மாறும் இயல்பினது. எனவே சமநிலை எய்திய பின்னரே நிறுத்தல் முறை. எனக்கு வலப்பக்கத்தில் ஒரு பலகை குறைவாயிருந்தது. அதனைக் கொல்லைக் கொட்டிலில் வைத்து, நாற்றமற்ற வெள்ளைப் பசையினாற் பொருத்தினேன். இரு பக்கமும் ஒன்பதாயின. அதுவே கடைசி வேலை.

அடுத்து, கெடும் பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். எனாமல் வர்ணம் காற்றுப் பட்டால் ஆடை படரும். ஆதலின் பேணியின் விளிம்பைத் துடைத்து, மூடியை இறுக அடித்து மூடுதல் வேண்டும். சுப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தினால் இறுகும் பண்பினது. திறந்த போத்தல் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுநாள் நில்லாது. அதனை வைத்துக் காப்பதிலும் பிறருக்குக் கொடுத்து விடுவதே நன்று. தூரிகைகளைக் கழுவி, முனையைக் கூராக்கி, மயிர் எங்கும் முட்டாதவாறு கிடத்தி வைத்தால் ஆண்டுகள் சென்றாலும் பயன்படும். தின்னரை வீட்டினுள் வைத்தலாகாது. கத்திகளையும் அலகுகளையும் பூட்டி வைத்தல் வேண்டும். களைத்த கையுடன் நள்ளிரவில் அலுமாரியைத் துழாவும் வீடு அது.

கப்பலை மூடுவதற்குப் பிளாத்திக்கு உறை நன்று போலத் தோன்றும். ஆனால் அது ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். தோய்த்துக் கஞ்சி போக்கிய பருத்தித் துணியே சிறந்தது. பெட்டி சுவரிலும் நிலத்திலும் முட்டாதிருந்தால், கறையான் ஏறுவதைக் கண்டு தடுக்கலாம். பூச்சி உருண்டையை நான் இடவில்லை. அதன் மணமும் நோயாளருக்கு ஆகாது. காய்ந்த வேப்பிலையை இட்டு, மாதமொருமுறை மாற்றி வருகின்றேன். அவ்வேளை துணியை நீக்கிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடங்கள் போதும்.

யாவற்றினும் இன்றியமையாதது குறிப்பு. எந்தப் பலகையோடு நின்றது, அடுத்த பலகைக்கு அளவெடுத்தாயிற்றா, எந்த வர்ணத்தோடு எதனைக் கலந்தது, எந்த உறுப்பு எந்தப் பெட்டியில் உள்ளது என்பவற்றை அன்றைக்கே எழுதி வைத்தல் வேண்டும். ‘எனக்கு நினைவிருக்கும்’ என்று எண்ணுதல் பேதைமை. நோய் பார்க்கும் வீட்டிலே முந்தின நாளின் உணவே நினைவிலிருப்பதில்லை.

இறுதியாக, நிறுத்திய செய்தியை நோயாளரிடம் கூறும் முறையும் உண்டு. நான் முதலில் இதிற் பிழைத்தேன். ஒன்றும் சொல்லாது மேசையை ஒழித்து விட்டேன். மறுநாள் வெறுமையான மூலையைக் கண்ட அவர், தம் நோய் என் கப்பலையும் தின்று விட்டதென்று அழுதார். தியாகஞ் செய்தவன் போல நடந்துகொள்பவன் நோயாளரின் தலையிற் கடனைச் சுமத்துகின்றான் என்பதை அன்று கற்றேன். பின்னர் அவரைக் கூட்டிச் சென்று பெட்டியைத் திறந்து காட்டினேன். பாய்க்கப்பல்கள் எக்காலமும் ஓடியவையல்ல. காற்று மாறும்வரை ஒதுக்குத் துறையிற் கிடந்தன. கரையேற்றிப் பழுது பார்க்கப்பட்டன. ‘அன்னபூரணி’யும் இடைத்துறைகளிற் தங்கித் தங்கியே குளோஸ்ரர் சென்றது. இதனை எடுத்துக் கூறியபின் அவர் மனம் ஓரளவு தேறியது.

கையும் மனமும்

கைவேலையை நிறுத்தினாற் கை சும்மா இருப்பதில்லை. கப்பல் வேலையின் குறிப்பெழுதிய கொப்பியையே மறுபுறமாகத் திருப்பி, பின்னட்டையிலிருந்து மருந்துக் குறிப்பு எழுதத் தொடங்கினேன். உடல்வெப்பம், மாத்திரை கொடுத்த நேரம், உண்ட அளவு, வாந்தி, வைத்தியரிடம் கேட்க வேண்டியவை யாவும் அதில் ஏறின. ஒருநாள் மருந்துமாற்றம் பற்றிய ஐயம் எழுந்தபோது, வைத்தியர் அக்கொப்பியை வாங்கிப் பார்த்தே முடிவு செய்தார். சிறு உறுப்புகளைத் தனித்தனி அறைகளிலிட்டு வைத்த மரப்பெட்டி, காலை, மதியம், இரவு என மாத்திரைகளைப் பிரித்து வைப்பதற்கு உதவியது. அளந்து செய்தல், எழுதி வைத்தல், அவசரப்படாமை என்னும் மூன்றையும் கப்பல் எனக்குக் கற்பித்திருந்தது. அவற்றைக் கப்பலுக்கே செலவிட வேண்டுமென்ற நியதியில்லை.

ஆயினும் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. சில இரவுகளில் எனக்குச் சினமும் வந்தது. எவர்மீது என்று கூற முடியாத சினம். பேணுபவனுக்கும் மூச்சு விட ஓரிடம் வேண்டும் என்று அறிந்தோர் கூறுவர், அது மெய்யே. யாவற்றையும் ஒருங்கே அடைத்துவிட்ட மனம் விரைவிற் புளித்துப் போகும். எனவே செய்தலை நிறுத்தினேனன்றி, நினைத்தலை நிறுத்தவில்லை. வைத்தியசாலை வாங்கிற் காத்திருக்கும்போது கயிறுகளின் படம் வரைந்தேன். பென்சிலுக்கு மணமில்லை, தூசியில்லை. பெயர் கூப்பிட்டவுடன் சட்டைப்பையில் வைத்து எழலாம். சிறு நூலில் முடிச்சுகள் போட்டுப் பழகினேன். நோய்வீட்டுக்கு ஏற்ற கைவேலை எதுவெனில், எந்நொடியிலும் கீழே வைத்துவிட்டு எழக்கூடிய கைவேலையே.

இன்றைய நிலை

ஆறு மருந்தேற்றல்களும் அதன்பின் கதிர்ச்சிகிச்சையும் முடிந்தன. மூன்று மாதத்துக்கொருமுறை பரிசோதனைக்குச் செல்கின்றோம். தலைமயிர் மீண்டும் வளர்ந்து விட்டது. விரல்நுனிகளில் விறைப்பு இன்னும் நீங்கவில்லை. சட்டைப் பொத்தானைப் பூட்டுவதற்கு உதவி வேண்டியிருக்கின்றது.

யூபிலி நெருங்கிய வேளையில் அவரே, “எடுத்துச் செய்யுங்கோவன், எனக்கு இப்ப மணம் ஒண்டும் செய்யாது” என்று பலமுறை கூறினார். நான் எடுக்கவில்லை. கண்காட்சிக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. அந்நாளுக்குள் கப்பலை முடிக்க முற்படின், அந்நாளுக்குள் அவர் நலம்பெற்று விடல் வேண்டும் என்னும் கட்டளையையும் உடனிட்டவனாவேன். கப்பலுக்கு நாள் குறிக்கலாம். உடம்புக்கு நாள் குறிக்க நமக்கு உரிமையில்லை. இதனைச் சங்கத்தாரிடம் கூறியபோது, அவர்கள் ஒரு சொல்லும் மறுத்துரைக்காது மேசையை வேறொருவருக்கு வழங்கினர். அந்தப் பெருந்தன்மைக்கு இக்கட்டுரை வாயிலாக நன்றி கூறுகின்றேன்.

கப்பல் எங்கும் போய்விடவில்லை. துணிக்குள் நிமிர்ந்தே நிற்கின்றது. கொப்பியின் பின்பக்கத்திலிருந்து வரும் மருந்துக் குறிப்பு நடுத்தாளை நெருங்கி விட்டது. முன்பக்கத்திற் கப்பலைப் பற்றிய கடைசிக் குறிப்பு இவ்வாறு உள்ளது: “ஒன்பதாம் பலகை, இரு பக்கமும் முடிந்தது. அடுத்தது பத்தாம் பலகை. அளவு எடுத்தாயிற்று. இன்னும் வெட்டவில்லை.”